மரைன் ப்ளைவுட் என்று சொன்னால் போதுமா?

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் சிங்க்குக்குக் கீழே இருந்த கபோர்டு கதவு ஊறிப்போய் அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. செய்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "மரைன் ப்ளைன்னு சொல்லித்தானேடா வாங்கினேன்" என்று புலம்பினார். நான் சிவில் படிப்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. பரணில் மிச்சம் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தேன். முத்திரையில் ஐ.எஸ். 303, எம்.ஆர். என்று இருந்தது. மரைன் இல்லை!

சரி, விஷயத்துக்கு வருவோம். ப்ளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசை போட்டு அழுத்திச் செய்வது. தண்ணீர் பட்டால் முதலில் தோற்பது பெரும்பாலும் பசைதான்.

எம்.ஆர். ரகத்தில் பொதுவாக யூரியா பசை. காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும், தண்ணீர் தேங்கினால் விட்டுவிடும். பி.டபிள்யூ.ஆர். ரகத்தில் பீனால் பசை. 8 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. ஐ.எஸ். 710தான் நிஜமான மரைன். அதற்கு 72 மணி நேரம்! மரமும் தேர்ந்த வகை, பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றியது. கான்கிரீட் சென்ட்ரிங் வேலைக்கான ப்ளைக்கு ஐ.எஸ். 4990 என்று தனி எண் உண்டு.

என் கருத்து இதுதான். வீடு முழுக்க மரைன் போடச் சொல்வதும் தப்பு, எல்லா ப்ளையும் ஒன்றுதான் என்பதும் தப்பு. சுவரில் ஓதம் இல்லையென்றால் டிவி யூனிட்டுக்கும் பெட்ரூம் அலமாரிக்கும் எம்.ஆர். தாராளம். அதில் மிச்சமாகும் காசில் சிங்க் அடியிலும் பாத்ரூமை ஒட்டிய இடங்களிலும் 710 போடுங்கள்.

இன்னொன்று. மரைன், வாட்டர்ப்ரூஃப் என்பதெல்லாம் வாய் வார்த்தை. ஐ.எஸ். எண்ணையும் ரகத்தையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பலகை வந்து இறங்கியதும் முத்திரையைப் பாருங்கள். அதிலுள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். மைக்கா ஒட்டிய பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.

சித்தப்பாவின் பில்லில் "8க்கு 4 ப்ளை, 19 எம்.எம்." என்று மட்டும்தான் இருந்தது. "நான் மரைன்னு சொல்லவே இல்லையே சார்" என்கிறார் கடைக்காரர். சண்டை போட எங்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்கள் பில்லை இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.