எல்லைப்புறம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தைப் பற்றிய காதல் கதைகளை நம் வாலிபர்கள் ஆவலோடு படிக்கிறார்கள். ஊருக்குப் புதியவனும் ஊரார் ஒதுக்கிய பெண்ணும் கட்டுப்பாட்டை உதறிவிட்டு ஒன்றாக வாழ்ந்தார்கள் என்றதும் பூரித்துப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால், அப்படிப்பட்ட ஜோடி அம்பத்தூரில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் நாம் என்ன சொல்லுகிறோம்?

அந்த மேற்கு நாடும் யோக்கியமாய் இருந்துவிடவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் மணந்தால் செல்லாதென்று கலிபோர்னியா 1850-லேயே சட்டம் செய்தது. அம்மாகாணத்தின் தலைமைக் கோர்ட்டு அத்தடையைத் தள்ள 1948 ஆயிற்று. அமெரிக்கா முழுவதிலும் ஒழிய 1967 ஆயிற்று.

இங்கு நிறத்தின் வேலையை ஜாதி செய்கிறது. புரோகிதனில்லாத சுயமரியாதைத் திருமணத்தை 1953-இல் சென்னை ஐகோர்ட்டு செல்லாதென்றது. அண்ணா ஆட்சி 1967-இல் நிறைவேற்றிய திருத்தம் அதைச் செல்லுபடியாக்கிற்று. மந்திரமும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த பாஷையில் சம்மதம் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். வயது வந்த இருவரின் கலியாணத்தில் பஞ்சாயத்துக் கூட்டம் தலையிடுவது சட்ட விரோதமென்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. உயிருக்கு அஞ்சி ஓடிவருகிறவர்கள் ஊரைக் கூட்டித்தான் மணக்கவேண்டும் என்பதில்லை என்று 2023-இல் அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது.

ஆகவே சட்டம் வந்துவிட்டது, வரவேண்டியவர்கள் நாம்தான். 1964-இல் தொழிற்பேட்டை கண்ட அம்பத்தூரும், 1965 முதல் டாங்கி செய்யும் ஆவடியும், பக்கத்துப் பூந்தமல்லியும் வெளியூராரால் வளர்ந்த ஊர்கள். திருநெல்வேலியாரும் ஆந்திரரும் மலையாளியும் பீகாரியும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கிறார்கள். டாங்கியின் போல்ட்டை இன்ன ஜாதியான்தான் முடுக்கவேண்டும் என்று எவனும் கேட்பதில்லை. பெண் கொடுப்பதென்றால் மட்டும் தாத்தன் ஊரிலிருந்து ஜாதி பஸ் ஏறி வந்துவிடுகிறது! தானே வந்தேறியாய்க் குடிவந்தவன், இன்னொரு ஜோடியைப் பார்த்து, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்கத் துணிவது வெட்கக்கேடு அல்லவா?

தோழர்களே! கதையைப் படித்துக் கண்ணீர் விட்டது போதும். அப்படிப்பட்டவர் வந்தால் வீடு கொடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூடப் போங்கள். தொழிற்சங்கங்கள் போனஸுக்கு நிற்பதுபோல் இதற்கும் நிற்கட்டும். துரத்தி வருகிறவர்கள் நாலு பேர் என்றால், வாசலில் நிற்க நாம் நாற்பது பேர் வேண்டாமா?