பிரஷர் வந்தவரைத் திட்டாதீங்க!



வீட்டுல யாருக்காவது பிரஷர் ஏறினா நாம என்ன சொல்றோம்? "ஊறுகாய் தின்னிருப்பே, கோபப்பட்டிருப்பே!" எல்லாப் பிரஷருக்கும் இதுதான் காரணமா? இல்லை என்று காட்டியவர்களில் ஒருவர், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் ஜெரோம் கான்.

1954-ல் அவர் 34 வயதுப் பெண் ஒருவரைப் பரிசோதித்தார். அவருக்குப் பிரஷர் அதிகம். தசைகள் அடிக்கடி தளர்ந்துபோகும். ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் காரணம் என்று கான் கணித்தார். அது சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் உடம்பில் உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அளவு மீறினால் பிரஷர் ஏறும். ஆபரேஷன் செய்து பார்த்தால், சுரப்பியில் ஒரு கட்டி! அதை எடுத்ததும் அந்தப் பெண் குணமானார்.

இந்த நோய் பலருக்கு இருக்கும் என்று கான் சொன்னார். நிறைய டாக்டர்கள் நம்பவில்லை. ஆனால் பிரஷர் உள்ள எல்லாருக்குமே இந்த ஹார்மோனைச் சோதிக்கலாம் என்று எண்டோகிரைன் சொசைட்டி என்ற மருத்துவ அமைப்பு 2025-ல் பரிந்துரை செய்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையிலேயே இதைத் தேடலாம். கட்டி இல்லாதவர்களுக்கு மாத்திரையும் உண்டு.

என் கருத்து இதுதான்: உப்பைக் குறைக்கட்டும், மாத்திரையும் விடாமல் போடட்டும். அப்படியும் பிரஷர் இறங்கலைன்னா, நோயாளி மேல பழி போடுறது நியாயமா? "டாக்டர், ஹார்மோன் காரணமா இருக்குமா?" என்று கேளுங்க. கேட்பதில் தப்பே இல்லை!

– பிளஸ் ஒன், உயிரியல் பிரிவு