விசாரிப்பை யந்திரத்திடம் விடலாமா?

மாடிப்படி ஏறிச் சென்றால் ஒரே கூடமாக விரிந்து, சுவரெங்கும் கண்ணாடி பதித்து, சொந்தக்காரரே மாஸ்டராகவும் காசாளராகவும் சில நாட்களில் கூட்டிப் பெருக்குபவராகவும் இருந்து நடத்துகிற சிறிய ஜிம்களில், உறுப்பினர்களோடு பேசும் பொறுப்பை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. சந்தா முடியும் தேதி, பிறந்தநாள் வாழ்த்து, நாலு நாள் தலைகாட்டாதவருக்கு ‘உங்களைக் காணவில்லையே’ என்ற விசாரிப்பு ஆகிய எல்லாம், மாஸ்டர் பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ எடை தாங்கிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய பெயரில், அவருக்குத் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிற மனிதர் இந்தச் சௌகரியத்தை நாடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதை ஒப்படைக்கிறார் என்பதில்தான் ஆட்சேபம்.

பெயரைச் சேர்த்துவிட்டால் செய்தி சொந்தச் செய்தியாகிவிடும் என்பது இந்த மென்பொருள்களின் அடிப்படை நம்பிக்கை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டங்களோடு அயல்நாட்டுச் சம்பிரதாயப்படி வார்க்கப்பட்ட படிவத்தில், தகப்பனாரின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துக்கொள்ளும் நம்மவர் தம் பெயரை நிரப்பும்போது, ஒருவருக்கு ‘ஹாய் எஸ்’ என்று காலை வணக்கம் வருகிறது. முதலெழுத்தை விரித்தெழுதிய இன்னொருவருக்கோ, காலமாகிப் பல வருஷங்களான தகப்பனாரையே பெயர் சொல்லி விளித்து, இன்று கால் பயிற்சிக்குத் தவறாமல் வரும்படி அழைப்பு வருகிறது. பிறந்தநாள் விஷயமும் இப்படியே. ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு, பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் தோராயமாகக் குறித்த தேதிதான் சான்றிதழில் ஏறி, அங்கிருந்து ஆதாருக்கும், ஆதாரிலிருந்து ஜிம்மின் ஏட்டுக்கும் வந்திருக்கிறது. வீட்டார் நட்சத்திரம் பார்த்து அர்ச்சனை செய்யும் நாள் வேறு. இவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடியவை.

சிரிக்க முடியாதவையும் உண்டு. வராமை என்பது, கைரேகை விழாத நாள் என்பதற்கு மேல் யந்திரத்துக்கு ஒன்றுமில்லை. மாலை போட்டு 41 நாள் விரதம் இருப்பவர், ரம்ஜான் நோன்பில் பகலெல்லாம் தண்ணீரும் அருந்தாதிருப்பவர், பரீட்சைக்குப் படிக்கும் கல்லூரி மாணவர், கார்த்திகை மழையில் தெருவே குளமாகிப்போனவர், முழங்கால் வீங்கிப் படுத்திருப்பவர், தாயாரைப் பறிகொடுத்துப் பதினாறாம் நாள் காரியத்துக்குக் காத்திருப்பவர் ஆகிய அனைவரும் அதன் கணக்கில் சோம்பேறிகளே. அனைவருக்கும் ‘சாக்குப்போக்கு வேண்டாம், எழுந்து வாருங்கள்!’ என்று, புஜத்தை முறுக்கிய கையின் சித்திரத்தோடு, ஒரே உபதேசம் போகிறது.

சிறு வியாபாரிகளுக்கென்று வாட்ஸ்அப் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட செயலியில், வரவேற்புச் செய்தி என்றொரு வசதி இருக்கிறது. முதன்முறையாக எழுதுபவருக்கு மட்டுமன்றி, 14 நாள் தொடர்பில்லாமல் இருந்துவிட்டு மறுபடி எழுதுபவருக்கும் அது தானாகவே போய்விடும். மூன்று வருஷமாக வந்துகொண்டிருக்கும் ஒருவர், இரண்டு வாரம் மௌனமாயிருந்துவிட்டு, ‘அப்பா தவறிட்டார் மாஸ்டர், இந்த மாசம் வர முடியாது’ என்று எழுதினால், அடுத்த கணமே ‘எங்கள் ஜிம்முக்கு நல்வரவு! ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி!’ என்ற பதில் வந்து நிற்கும். இப்படி ஒரு பதிலை எந்த மனிதரும் எழுதவில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனாலும் அது மாஸ்டரின் எண்ணிலிருந்து, மாஸ்டரின் படத்தின் கீழ் வந்திருக்கிறது.

யந்திரத்தை விலக்க வேண்டியதில்லை. அது பேசும் திசையை மாற்றினால் போதும் என்பது என் அபிப்பிராயம். இன்னார் எட்டு நாளாக வரவில்லை என்ற தகவல் அந்த உறுப்பினருக்குப் போக வேண்டியதன்று, மாஸ்டருக்கு வர வேண்டியது. 150 பேர் சந்தா கட்டும் ஒரு கூடத்தில் இப்படி நாளொன்றுக்குத் தேறும் பெயர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். காலைக் கூட்டம் கலைந்து மாலைக் கூட்டம் சேர்வதற்கு முன் வாய்க்கும் மத்தியான ஓய்வில், அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு, ‘என்ன தம்பி, முட்டி வலி தேவலையா? லெக் டே வேண்டாம், வா, ஷோல்டர் மட்டும் போட்டுக்கலாம்’ என்று ஒரு குரல் பதிவை அனுப்ப அரை நிமிஷம் பிடிக்காது. இந்த வாக்கியத்தில் உறுப்பினரின் பெயரே இல்லை. ஆனால் வேறொருவருக்கு அனுப்ப முடியாத வாக்கியம் அது. மென்பொருள் இதற்குச் செய்யக்கூடிய உபகாரம், பெயருக்குப் பக்கத்தில் ‘மாலை போட்டிருக்கிறார்’, ‘மகளுக்குக் கல்யாணம்’ என்று மாஸ்டர் குறித்துவைத்த ஒரு வரியை வேண்டிய நேரத்தில் அவருக்கு நினைவூட்டுவதுதான்.

சொந்தமாகப் பேசுவதற்கும் எல்லை உண்டு. ‘டியர், இன்று ஏன் வரவில்லை?’ என்று இரவு பத்து மணிக்கு ஒரு பெண் உறுப்பினரின் கைபேசியில் வந்து விழுகிற செய்தி, யந்திரம் அனுப்பியது என்று எவ்வளவு சத்தியம் செய்தாலும், அந்த வீட்டுக்குள் செய்யக்கூடிய விபரீதத்தை விவரிக்க வேண்டியதில்லை. ‘உங்கள் எடை 84 கிலோ, இலக்குக்கு இன்னும் 16’ என்ற வரி, அலுவலகத்தில் மேஜைமேல் கிடக்கும் கைபேசியின் திரையில், பக்கத்து நாற்காலிக்காரர் படிக்கும்படி ஒளிர்வதும் அப்படியே. எடையைத் தராசின் அருகில் நின்று தாழ்ந்த குரலில் சொல்வதே மரியாதை. பெண்களின் நேரத்துக்கென்று பயிற்சி தரும் அம்மையார் இருந்தால், அவர்களுக்குப் போகும் விசாரிப்பு அவருடைய எண்ணிலிருந்து போவதே உசிதம்.

செயற்கை நுண்ணறிவு கனிவான வாக்கியங்களை நொடியில் எழுதித்தரும் இக்காலத்தில் இந்தக் கஷ்டமெல்லாம் தீர்ந்துபோனதாகச் சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கழகத்து ஜோசப் வைசன்பாம் 1966-ல் எலைசா என்ற நிரலைப் பற்றி எழுதினார். எதிரே இருப்பவர் தட்டச்சு செய்த சொற்களையே பொறுக்கி, கேள்வியாக்கித் திருப்பிக் கொடுப்பதற்கு மேல் அதற்கு ஞானம் கிடையாது. அப்படியிருந்தும், அது உருவானதை அருகிருந்து கண்ட அவருடைய காரியதரிசியே, அதனோடு சிறிது பேசிய பின், தம்மைத் தனியே விட்டு வெளியே செல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டாராம். மனிதரை நம்பவைப்பது அவ்வளவு சுலபமாயிருக்க, கனிவுக்கு என்ன பஞ்சம்? பெரிய வங்கியோ விமானக் கம்பெனியோ கனிவாக எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம், அனுப்பியவரை நாம் ஒருநாளும் சந்திக்கப்போவதில்லை. சிறிய ஜிம்மில் நிலைமை வேறு: மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த உறுப்பினர் நேரில் வந்து, ‘நேத்து விசாரிச்சீங்களே மாஸ்டர், இப்ப பரவாயில்லை’ என்று பேச்சைத் தொடங்குவார், தாம் என்ன விசாரித்தோம் என்றே தெரியாமல் மாஸ்டர் விழிப்பார்.

பணத்தைப் பற்றிய செய்தியில் மட்டும் நான் முழுக்க யந்திரத்தின் கட்சி. அண்ணா என்றும் ஐயா என்றும் தினமும் அழைக்கிறவரிடம் ஃபீஸ் கேட்பது இருதரப்புக்கும் கூச்சம். ‘உங்கள் சந்தா 5-ஆம் தேதி முடிகிறது’ என்று, வாழ்த்தும் சித்திரமும் இல்லாமல், யந்திரம் வறட்சியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கூச்சம் மிச்சமாகிறது. விடுமுறை அறிவிப்பும் ரசீதும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆனால் வேலை போனவர் ஒருவர் மாஸ்டரைத் தனியே அழைத்து, இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டிருப்பார், இவரும் சரி என்று சொல்லியிருப்பார். அவருக்கு ஐந்தாம் தேதியும் ஏழாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் நினைவூட்டல் போய்க்கொண்டிருக்குமானால் மாஸ்டர் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு? மென்பொருள் விற்க வருகிறவர் எத்தனை வண்ணத்தில் வாழ்த்து அனுப்பலாம் என்று காட்டத் தொடங்கும்போது, குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் எல்லாச் செய்தியையும் நிறுத்திவைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைச் சொந்தக்காரர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.