பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு

போன வாரம் பேரன் கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினான். ஆண்கள் ஒற்றையர் டென்னிஸில் யார் யார் எத்தனை கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றார்கள் என்ற கணக்கு. ஜோகோவிச் 24, நடால் 22, ஃபெடரர் 20, சாம்ப்ராஸ் 14, எமர்சன் 12, லேவர் 11 என்று இறங்கிக்கொண்டே போகிறது. கீழே 8 என்ற எண்ணுக்கு நேரே கென் ரோஸ்வால்.

"நீங்க எப்பவும் சொல்ற ஆள் இவர்தானே தாத்தா? எட்டுதான். அதிலே விம்பிள்டன் ஒண்ணுகூட இல்லையே!" என்றான்.

பையன் மேல் தப்பில்லை. பட்டியலில் இருப்பதைப் படித்தான். என் கோபமெல்லாம் பட்டியல் போட்டவர்கள் மேல்தான். அதை வைத்துக்கொண்டு 'எல்லாக் காலத்திலும் தலைசிறந்தவர் இவரே' என்று தீர்ப்பு எழுதுகிறார்களே, அவர்கள் மேல் இன்னும் அதிகக் கோபம்.

இளைய தலைமுறைக்குத் தெரியாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968 ஏப்ரல் வரை விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு பெரிய போட்டிகளிலும் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். ஆட்டத்துக்குக் கூலி வாங்குகிறேன் என்று ஒருவன் வெளிப்படையாகக் கையெழுத்துப் போட்டால், அவனுக்கு அந்த நான்கு வாசல்களும் அடைபட்டுவிடும். டேவிஸ் கோப்பையும் கிடையாது. 'செலவுக்கு' என்ற பெயரில் மேசைக்கு அடியில் பணம் வாங்கிக்கொண்டவன் உள்ளே இருந்தான். மேசைக்கு மேலே வாங்கியவன் வெளியே நின்றான். இதுதான் அன்றைய கண்ணியம்!

ரோஸ்வால் சிட்னிக்காரர். அப்பா மளிகைக் கடைக்காரர். பிறவியில் இடது கைப் பழக்கம். அப்பா வலது கையில் ஆடப் பழக்கினார். 1953-இல், 18 வயதில், ஆஸ்திரேலியப் பட்டமும் பிரெஞ்சுப் பட்டமும் வாங்கினார். 1955-இல் மறுபடி ஆஸ்திரேலியா. 1956-இல் லூ ஹோட் மூன்று பட்டங்களை வென்று நான்காவதுக்கு அமெரிக்கா வந்தபோது, இறுதியில் அவரைத் தோற்கடித்து நிறுத்தியவர் ரோஸ்வால்தான். அதோடு நான்கு பட்டம். பிறகு ஜாக் கிரேமரின் தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். அப்போது வயது 22. கதவு மறுபடி திறந்தபோது 33.

இடையில் 11 வருடம். வருடத்துக்கு நான்கு என்றால் 44 போட்டிகள். ஓர் ஆட்டக்காரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வருடங்கள் எவையோ, அவை மொத்தமும் போயின. கதவு திறந்த பிறகு மேலும் நான்கு பட்டம் வென்றார். முன்னால் நாலு, பின்னால் நாலு, நடுவில் பள்ளம். அந்தப் பட்டியல் பள்ளத்தை மண் போட்டு மூடிவிட்டு 'எட்டு' என்கிறது.

நான் சர்வீஸ் புக்குகளோடு காலம் தள்ளியவன். அதில் ஒரு பாடம் உண்டு. ஓர் ஊழியர் ஆறு மாதம் வேலைக்கு வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று எழுதியாக வேண்டும். மருத்துவ விடுப்பா, சொல்லாமல் நின்றாரா, சஸ்பென்ஷனா? காரணம் எழுதாமல் விட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். சஸ்பென்ஷனில் இருப்பவருக்கு 'ஆப்சென்ட்' என்று எந்த குமாஸ்தாவாவது போடுவானா? வாசலைச் சாத்தியதே ஆபீஸ்தானே! கடைநிலை எழுத்தனுக்குத் தெரிந்த இந்த நியாயம் டென்னிஸ் நிபுணர்களுக்குத் தெரியவில்லை. அடைத்த கதவுக்கு முன்னால் நின்றவனுக்குப் பூஜ்யம் போடுகிறார்கள்.

உள்ளே இருந்தவர்களின் கணக்கைப் பாருங்கள். ராய் எமர்சனின் 12 பட்டம் 1961-க்கும் 1967-க்கும் இடையில் வந்தவை. எல்லாவற்றிலும் ரோஸ்வால் வெளியே. 1963 முதல் லேவரும் வெளியே. 12-இல் 10 அதற்குப் பிறகு வந்தவை. 1968-க்குப் பின் எமர்சனுக்கு ஒற்றையரில் ஒரு பட்டம்கூட இல்லை. நல்ல ஆட்டக்காரர், நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் 2000-இல் சாம்ப்ராஸ் முறியடிக்கும்வரை அந்த 12-தான் ஆண்கள் டென்னிஸின் சிகரம் என்று எழுதிக்கொண்டிருந்தார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு சாட்சி. 1962-இல் ராட் லேவர் நான்கு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். 'உலகின் முதல் ஆட்டக்காரர்' என்று புகழ்ந்தார்கள். 1963 தொடக்கத்தில் தொழில்முறைக்கு வந்ததும் ரோஸ்வாலும் ஹோடும் அவரை மாற்றி மாற்றித் தோற்கடித்தார்கள். முதல் 21 ஆட்டங்களில் லேவர் வென்றது இரண்டுதான். அப்படியானால் 1962-இல் உண்மையில் முதல் இடத்தில் இருந்தது யார்? பட்டியலிடம் கேளுங்கள், பதில் வராது.

"அப்படியென்றால் ரோஸ்வால் விளையாடியிருந்தால் 20, 25 வாங்கியிருப்பார்" என்று சிலர் கிளம்புவார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். நடக்காததைப் பதிவேட்டில் ஏற்றக்கூடாது. அவர் தொழில்முறைப் பெரும் போட்டிகளில் 15 பட்டம் வென்றார். பாரிஸில் மட்டும் எட்டு, அதில் ஏழு தொடர்ச்சியாக 1960 முதல் 1966 வரை. ஆனால் அவை சிறிய போட்டிகள். மூன்று நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை. எட்டையும் பதினைந்தையும் கூட்டி 23 என்று சொல்வதும் தவறான கணக்குதான். 1957-இல் பாஞ்சோ கொன்சாலஸிடம் 26-க்கு 50 என்று தோற்றதும் உண்மை. 1972-இல் 37 வயதில் ஆஸ்திரேலியப் பட்டம் வென்றார் என்று பெருமைப்படுகிறோம்; எதிரே நின்ற மால் ஆண்டர்சனுக்கும் வயது 36. 1974 விம்பிள்டன் இறுதியில் 39 வயது ரோஸ்வாலை ஜிம்மி கானர்ஸ் துவைத்து எடுத்தார். இதையெல்லாம் மறைத்துவிட்டு நியாயம் பேச முடியாது.

நம் ராமநாதன் கிருஷ்ணனையும் கிரேமர் அழைத்தார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். அதனால் 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி, 1966-இல் டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்று என்று அவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. 1961-இல் காலிறுதியில் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தியவரும் அவரே. இருவரும் எடுத்தது நேர்மையான முடிவுதான். ஒருவருக்கு ஏடு திறந்திருந்தது, இன்னொருவருக்கு மூடியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

1968 மே, ஜூன் மாதங்களில் பாரிஸ் கொந்தளித்துக்கொண்டிருந்தது. மாணவர் கிளர்ச்சி, வேலைநிறுத்தம், ரயில் இல்லை, பெட்ரோல் இல்லை. பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, தாமதமாக வந்து சேரும் பத்திரிகைகளில் அந்தக் கிளர்ச்சிதான் பெரிய செய்தி. அதன் நடுவேதான் ரோலான் காரோஸில் முதன்முறையாக எல்லோரும் ஆடலாம் என்ற போட்டி. ஜனங்கள் நடந்தும் சைக்கிளிலும் வந்து பார்த்தார்கள். இறுதியில் ரோஸ்வால், லேவர். இத்தனை வருடம் வெளியே நிறுத்தப்பட்ட இருவரே. வென்றவர் ரோஸ்வால். அதே பாரிஸில் அதே பட்டத்தை 15 வருடத்துக்கு முன்னால், மீசை அரும்பும் வயதில் வென்றவர். வெளியே நின்ற வருடங்களில் அவர் ஆட்டம் மங்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஜோகோவிச், நடால், ஃபெடரர் ஒரே வாசலில் நுழைந்து ஒருவரோடு ஒருவர் மோதியவர்கள். அவர்களை எண்ணிக்கையால் ஒப்பிடுவதில் ஓரளவு நியாயம் உண்டு. அதற்கு முந்தையவர்களையும் அதே பட்டியலில் வைப்பதானால் 'குறிப்பு' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். ரோஸ்வாலுக்கு: 1957 முதல் 1967 வரை அனுமதி மறுப்பு. லேவருக்கு: 1963 முதல் 1967 வரை அதே. 21 வயதிலேயே வெளியே போய், பட்டியலில் வெறும் 2 என்று நிற்கும் கொன்சாலஸுக்கும் அதே. 1974-இல் மற்ற மூன்றையும் வென்று, பாரிஸில் மட்டும் நுழைய விடப்படாத கானர்ஸுக்கும் ஒரு வரி. எண்ணை மாற்ற வேண்டாம், காரணத்தை எழுதுங்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேரன், "அப்போ யார்தான் பெஸ்ட், தாத்தா?" என்றான்.

"எனக்குத் தெரியாதுடா. ஆனா அந்தப் பட்டியலுக்கும் தெரியாது" என்றேன்.

அந்தக் காலத்து டென்னிஸைப் பத்திரிகையிலோ வானொலியிலோ பின்தொடர்ந்த நண்பர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் எங்காவது ரோஸ்வால் பக்கம் சாய்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.