மதாம்களின் சொந்த ஊர்

கடலூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. சிதம்பரத்திலிருந்து சீர்காழி வழியாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. இந்த இரண்டு ஊர்களில் பிறந்த இரண்டு பெண்களை வரலாறு பிரெஞ்சுச் சீமாட்டிகள் என்று எழுதிவைத்திருக்கிறது. எனக்கென்னவோ அவர்கள் நம் கரையோரத்துப் பெண்களாகவே தெரிகிறார்கள்.

முதலாமவர் ழான். 1706இல் புதுச்சேரியில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக் கம்பெனியின் வைத்தியர். அம்மா ரோசா தெ காஸ்த்ரோ, போர்த்துக்கீசிய, இந்தியக் கலப்பில் வந்தவர். மாதக்கணக்கில் கப்பலில் கிடந்து இங்கே வரத் துணிந்த பிரெஞ்சுப் பெண்கள் மிகச் சிலர். அதனால் கம்பெனிக்காரர்கள் கரையோரத்துக் கலப்புக் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு வீடுகள் பலவற்றில் குடித்தனம் நடத்தியவர்கள் இந்த ரோசாக்கள்தான்.

ழானுக்கு 13 வயதில் கல்யாணம், 11 பிள்ளைகள். முதல் கணவர் வேன்சான் இறந்தபின் 1741இல் துய்ப்ளேயை மணந்தார். அடுத்த ஆண்டே துய்ப்ளே புதுச்சேரி கவர்னர். கணவருக்குத் தெரியாத தமிழ் மனைவிக்குத் தெரியும். அதுவே அவருடைய அதிகாரமாயிற்று. 1748இல் ஆங்கிலேயர்கள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையிலிருந்து கிளம்பி வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, ழான் ஒற்றர்களை வைத்துத் தகவல் திரட்டினார். அதே முற்றுகை நாட்களில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. துய்ப்ளேயின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்தப் பழியை மதாம் ழான் மேல்தான் போடுகிறார். பிள்ளைக்கும் அவருக்கும் ஆகாது என்பது உண்மை. அதற்காகக் கோயில் இடிந்ததை மன்னிக்க முடியாது. துபாஷி பதவிப் போட்டி முதல் போர் வரை எதிலும் ஒதுங்கி நிற்காதவர், பழியில் மட்டும் ஒதுங்க முடியுமா?

இரண்டாமவர் கத்ரீன் வொர்லே. 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு, டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் மகளாகப் பிறந்தார். வங்காளத்தில் ஆங்கிலக் கம்பெனிக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, பிரிந்து, ஐரோப்பா போய், 1802இல் நெப்போலியனின் வெளியுறவு மந்திரி தலேராந்தின் மனைவியானார். பாரீஸ் சமூகம் அவரை அறிவில்லாதவர் என்று கேலி பேசியது. ழானும் 1754இல் பிரான்ஸ் போய் இரண்டே ஆண்டில் இறந்தார்.

இங்கே அப்பன் பெயராலும் கணவன் பெயராலும் பிரெஞ்சுக்காரிகள். அங்கே போனால் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பிறந்த மண்ணும் புகுந்த நாடும் இவர்களை முழுசாகத் தம்மவராக ஏற்கவில்லை. கணவன்மார் பெயர் பெற்றதால் இவர்கள் இருவராவது நம் காதுக்கு எட்டினார்கள். மற்றவர்கள்?

புதுச்சேரியின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் 1676 முதல் இருக்கின்றன. வரலாற்றாசிரியர் மார்த்தினோ அவற்றைச் சுருக்கிப் பதிப்பித்திருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று மாணவிகள் யாராவது பிரெஞ்சு படித்து அவற்றைத் தமிழில் கொண்டுவர வேண்டும். கவர்னர்களைப் பற்றி எழுதியது போதும். அந்த அம்மாக்களின் கதையை எழுதுங்கள்.