எலும்பு கடிக்கும் மாட்டை அடிக்காதீர்

இந்துமாக் கடலிலுள்ள செஷல்ஸ் நாட்டின் ஃப்ரிகேட் தீவில் சுமார் 3,000 ராட்சத ஆமைகள் திறந்தவெளியில் மேய்ந்து திரிகின்றன. புல்லும் தழையுமே இவற்றின் தீனி. ஆனால் 2020 ஜூலையில் அங்கே ஒரு பெண் ஆமை, மரக்கட்டை மீது நின்ற கடற்பறவைக் குஞ்சை மெல்ல நெருங்கி, தலையைக் கவ்விக் கொன்று விழுங்கியது. இக்காட்சி படம் பிடிக்கப்பட்டு, 2021ல் விஞ்ஞான ஏட்டிலும் வெளிவந்தது. எலும்பையும் நத்தை ஓட்டையும் ஆமைகள் தின்பது முன்பே அறிந்த விஷயம். அவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதல்லவா!

தழை தின்னும் பிராணி தழையோடு நின்றுவிடும் என்று எண்ணுவது சரியல்ல. நம் பசு எலும்பைக் கடித்தால், துணியை மென்றால், சுவரை நக்கினால், கெட்ட பழக்கம் என்று அடிக்கிறோம். பெரும்பாலும் அது மணிச்சத்து போன்ற தாது உப்புகள் குறைந்ததன் அறிகுறி. கறவை மாடு பாலோடு தினமும் இச்சத்துக்களை இழக்கிறது. வெறும் வைக்கோல் அதை ஈடு செய்யாது.

தென்னாப்பிரிக்காவில் 1920களில் ஆர்னால்டு தைலர் என்ற கால்நடை விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். மேய்ச்சலில் மணிச்சத்து குறைந்த மாடுகள் செத்த பிராணிகளின் எலும்பைக் கடித்து, அதிலுள்ள நஞ்சால் மடிவதைக் கண்டறிந்தார். ஆகவே இது அலட்சியப்படுத்தும் காரியமல்ல.

கறவைப் பசுவுக்குத் தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தீவனத்தில் கலந்து கொடுங்கள். குடற்புழு நீக்க மருந்தும் கொடுங்கள். மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் எலும்புகளை அகற்றுங்கள். பழக்கம் நீடித்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கலவைக்கு ஆகும் செலவு, மாட்டின் விலைக்கு முன் மிகச் சொற்பம்.