போகம் கெட்ட வார்த்தையா?

ரொம்ப நாளா மனசுல இருக்கிற ஒரு விஷயம்.

இப்பல்லாம் "போகம்"னு சொன்னாலே குடி, கூத்து, வீண்செலவுன்னுதான் நினைக்கிறோம். ஓவர்டைம் செஞ்ச காசுல ஒரு பையன் நல்ல போன் வாங்கினா, "போக வாழ்க்கைக்குப் பழகிட்டான்"னு பெரியவங்க கோயில்லயே வச்சுப் பேசுறாங்க. அப்புறம் அவன் கோயிலுக்கு வரவே யோசிக்கிறான்.

போகம்னா அனுபவிப்பது, அவ்வளவுதான். வயல்ல ஒரு தடவை விளையிறதையும் போகம்னுதான் சொல்றோம். கெடாவுல முடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து, 1970லேருந்து வருஷத்துக்கு ரெண்டு போகம் நெல் விளையுது. அது பாவமா?

சைவ சித்தாந்தத்துல தனு, கரணம், புவனம், போகம்னு நாலு சொல்வாங்க. உடம்பு, மனம் முதலான கருவிகள், உலகம், அனுபவிக்கிற பொருள். நாலையும் உயிருக்குக் கொடுத்தது சிவபெருமான். அவர் கொடுத்ததை எப்படிக் கெட்டதுன்னு சொல்றது?

அன்னதானத்துல தட்டு நிறைய வாங்கி, பாதியைக் குப்பையில கொட்டுறோம். வரிசையில கடைசியா நிக்கிற பாட்டிக்கு சாதம் இல்லை. திட்டணும்னா அதைத் திட்டுங்க. அதுக்குப் பேரு விரயம்.

உழைச்ச பிள்ளைங்க சந்தோஷமா அனுபவிக்கட்டும். அதுல அடுத்தவங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுப்போம்.

சிவாய நம.